அப்பா எழுதாத எட்டு வசனங்கள்

வேதாகமம் முழுவதையும் சபையார் தங்கள் கையாலேயே எழுதிப் படைப்பது என்று எங்கள் கோயிலில் முடிவானபோது, பொறுப்பாளர் யார் என்ற கேள்வி முடிவதற்குள் கை தூக்கியவள் நான். எதற்கும் முதலில் கை தூக்குவது என் பிறவிக் குணம். எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு, சனிக்கிழமை வாலிபர் கூட்டம். காலில் சக்கரம் கட்டினவள் என்று அம்மா பட்டம் கொடுத்திருந்தாள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய சின்ன சபை எங்களுடையது. ஆடியில் பங்கு பிரித்துக் கொடுப்பது, குடும்பம் குடும்பமாக எழுதுவது, தையில் சம்பா அறுப்பு முடிந்து வருகிற அறுப்பின் பண்டிகையில் தைத்த புத்தகமாகக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைப்பது. இதுதான் திட்டம். அவரவர் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை, அவரவரே எழுத வேண்டும். இந்த விதியை ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னவளும் நான்தான்.

பங்கு பிரித்த அன்று ஆராதனை முடிந்ததும் ஒரே சத்தம். எல்லோருக்கும் வேதத்தின் கடைசிப் புத்தகம் வேண்டும். முத்திரைகளும் எக்காளங்களும் புதிய வானமும் புதிய பூமியும் வருகிறதே, அது.

"அது போயிடுச்சுங்க" என்றேன்.

"போயிடுச்சா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேம்மா. யாருக்குப் போச்சு?"

"எனக்கு."

"நல்லா இருக்கே! பரிமாறுற ஆளு மொதப் பந்தியில உக்காந்துக்குமா?" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். கோயிலே சிரித்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எப்படி விடுவேன்? அந்த வருஷம் நான் தீர்க்கதரிசனப் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தேன். என் அறைச் சுவரில் எட்டுத் தாளை ஒட்டி ஒரு பெரிய அட்டவணை. வேதத்தில் சொல்லப்பட்டு நிறைவேறிவிட்டவை சிவப்பு மையில், நிறைவேறிக்கொண்டிருப்பவை பச்சையில், இனி நடக்க வேண்டியவை நீலத்தில். எங்காவது போர், எங்காவது நிலநடுக்கம் என்று போனில் செய்தி வந்தால் உடனே பச்சைப் பேனாவை எடுத்துவிடுவேன். ஆண்டவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு அதோடு ஒரு அவசரமும் சேர்ந்திருந்தது. நீலத்தில் இருப்பதெல்லாம் சீக்கிரம் பச்சையாகிவிட வேண்டும்.

பெரிய புத்தகங்கள் எல்லாம் போய், யாரும் கேட்காத சின்னச் சின்னப் பங்குகள் மிஞ்சியிருந்தபோது, கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. இடது கை. அப்பா.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு இருக்கும். அதன் ஷட்டரை முறைப்படி ஏற்றி இறக்கிப் பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலை. கோயிலில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேத பாடம் வாசிப்பது. மைக் இல்லாமலேயே வாசல் வரைக்கும் கேட்கும் குரல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறிற்று. வீட்டில் எங்களுக்குப் புரியும். சபைக்கு முன்னால் வாசிக்கிற பேச்சாக அது இல்லை. வேறொருவர் வாசிக்க ஆரம்பித்தார். முன் பெஞ்சிலிருந்த அப்பா, யாரும் சொல்லாமலேயே வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அந்தக் கை எதற்கு உயர்ந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. குரலால் முடியாததைக் கையால். தன் வழியாகத் திரும்ப ஒருமுறை சபைக்குள் வசனம் வர வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நான் பட்டியலில் கண்ணை ஓட்டி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைப் பார்த்தேன். சின்னத் தீர்க்கதரிசிகளில் ஒருவருடைய புத்தகம். மூன்றே அதிகாரம்.

"மூணு அதிகாரம்பா. போதுமா?"

"பத்தாது" என்றார் அப்பா. "இருந்தாலும் குடு."

அதற்கு அடுத்த புத்தகத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். "எதுக்கு? அவர் பக்கத்துலயே இருக்கட்டுமேன்னுதான்" என்றாள்.

அம்மா தன் பங்கை ஒரு வாரத்தில் முடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். என் இருபத்திரண்டு அதிகாரமும் ஆவணி பிறப்பதற்குள் முடிந்தது. அப்பா அப்போது முதல் அதிகாரத்தின் நாலாவது வசனத்தில் இருந்தார்.

தினமும் காலை இட்லிக்குப் பிறகு உட்காருவார். மேசையில் ஒரு துண்டை விரித்து, தாள் நகராமல் இருக்க வலது கையைத் தூக்கி அதன்மேல் கனத்துக்கு வைப்பார். இடது கையில் ஜெல் பேனா. மூடியை நானோ அம்மாவோ கழற்றிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் நெல்லிக்காய் அளவுக்கு வரும். இடது கையால் எழுதுவதில் ஒரு சங்கடம். எழுதி முடித்த வார்த்தைமேலேயே கை உரசிக்கொண்டு நகரும். மை காய்வதற்குள் விரல் ஓரம் பட்டு இழுத்துவிடும். ஒவ்வொரு வரியிலும் நீலமாக ஒரு மேகம் படர்ந்திருக்கும். அப்பாவின் சுண்டுவிரல் ஓரம் எப்போதும் நீலம். சாப்பிட வரும்போது அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவாள்.

"போலீஸ்ல கைரேகை எடுத்தாப்ல இருக்கு" என்பார்.

அவருக்குக் கிடைத்த தீர்க்கதரிசி எடுத்தவுடனே கடவுளோடு சண்டைக்கு நிற்கிறவர். நான் கூப்பிடுகிறேனே, எத்தனை நாளைக்குக் கேட்காமல் இருப்பீர் என்று முதல் வசனத்திலிருந்தே முறையீடு. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் அதிகாரத்தில் அந்தத் தீர்க்கதரிசி காவல் மேடையில் ஏறி நின்று, என்ன பதில் வருகிறது பார்ப்போம் என்று காத்திருப்பார். அந்த இடம் வந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க பாரு. நம்ம டூட்டி."

"எது?"

"மேல ஏறி நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு பாரு. ஆனி மாசம் மதகு மேல நான் நின்னா, போறவன் வர்றவன் எல்லாம் கேப்பான். தண்ணி எப்ப வரும், தண்ணி எப்ப வரும்னு. மேட்டூர்ல தொறந்தது எனக்கென்ன போன் பண்ணியா வரும்?"

"நீங்க என்ன சொல்வீங்க?"

"வருதுன்னு சொல்வேன். அப்புறம் வந்துரும். நாலு நாள் முன்ன பின்ன."

"முன்ன பின்ன எல்லாம் இல்லப்பா" என்றேன் நான், என் சுவர் ஞாபகத்தில். "இதுக்கு ஒரு வரிசை இருக்கு, கணக்கு இருக்கு. நான் போட்டு வச்சிருக்கேன். இன்னும் நீலத்துல கொஞ்சம்தான் பாக்கி."

"எனக்கும் ஆபீஸ்ல ஷெட்யூல் குடுப்பாங்க பாப்பா. தண்ணிதான் அதைப் படிக்காது."

சொல்லிவிட்டு வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார். பிறகு, "அவ்வளவு கிட்ட வந்துட்டாரா? அப்ப நான் வேகமா எழுதணுமே" என்றார். கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று கூடுதலாக அரை வசனம் எழுதினார்.

மார்கழி முடிகிற சமயம் எல்லார் தாளும் வந்துவிட்டது. குவைத்திலிருந்து ஒரு அண்ணன், கம்பெனி லீவில் எழுதியதை ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பாபநாசம் கடைத்தெருவில் பேப்பர் கடையும் பைண்டிங்கும் வைத்திருக்கும் பாய்தான் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். தாள் வாங்கியதும் அவரிடம்தான். "வேதம்னா அவசரமாத் தைக்க முடியாதும்மா. பத்து நாளாவது வேணும். வியாழக்கிழமை கட்டு என் கையில இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். எங்கள் போதகரும் தினம் போன் செய்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். "எல்லாம் ரெடிதானே?" என்பார். "ரெடி ஐயா" என்பேன். ரெடி இல்லாதது எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்பாவுக்கு ஒரு தாள் பாக்கி. கடைசி எட்டு வசனம்.

எட்டு வசனம் என்றால் அப்பாவின் வேகத்தில் மூன்று வாரம். எனக்கு இருந்தது ஒரே நாள்.

புதன்கிழமை அம்மா அப்பாவைத் தஞ்சாவூருக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் அப்பாவின் மேசையில் உட்கார்ந்தேன். முதலில் நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. இடது கையாலேயே எழுதிப் பார்த்தேன். ஒரு வசனம் முடிவதற்குள் தோள்பட்டை வரைக்கும் வலித்தது. அதோடு கை பட்டு மை இழுத்துத் தாள் முழுக்க அசிங்கமாகிவிட்டது. கசக்கிப் போட்டேன். வேறு தாள் எடுத்து, வலது கையால், அப்பாவின் எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வரைந்தேன். அதே நெல்லிக்காய் அளவு. அதே நடுக்கம். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடிந்தது. பண்டிகையெல்லாம் முடிந்து, சந்தோஷமான ஒரு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் பெயரும் புத்தகத்தில் வந்துவிடும், யாருக்கும் குறையில்லை.

சாயங்காலம் நான் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து உட்கார்ந்தார்.

"எங்க, நம்மளதைக் காட்டு."

எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். கடைசித் தாளில் நின்றார்.

"இது யாரு?"

"பாய் நாளைக்கே கேக்குறாருப்பா. எட்டு வசனம்தானே பாக்கின்னு..."

அவர் இடது கையை அந்தத் தாளின்மேல் வைத்து, எழுதுகிற மாதிரியே இடமிருந்து வலமாக நகர்த்தினார். பிறகு கையைத் திருப்பிச் சுண்டுவிரல் ஓரத்து நீலத்தைப் பார்த்தார். மற்ற தாள்களில் வரிக்கு வரி மேகம். என் தாள் பளிச்சென்று இருந்தது.

"என் எழுத்து எங்கயும் இவ்வளவு சுத்தமா இருக்காது பாப்பா."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நடுக்கத்தை மட்டும் நல்லாப் பாத்து வச்சிருக்க" என்றார். தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "முடிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்ட, இல்ல?" என்றார்.

மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார். மூடியைப் பல்லால் கடித்துப் பிடித்து, பேனாவை அதற்குள் திணித்து மூடினார். அவர் தானாக மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டு மேசைப் பக்கம் வரவில்லை. துண்டு மடித்தபடியே கிடந்தது. அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஆறு மாசமா அவருக்கு ஏழு நாளும் ஞாயித்துக்கெழமையா இருந்துச்சு. நீ பரிச்சை எழுதுறாப்ல எழுதி முடிச்சிட்டியே."

"புஸ்தகம் நிக்குதேம்மா."

"நின்னா என்னவாம்? இன்னும் வராதவருக்காக ரெண்டாயிரம் வருஷமா நாம நிக்கல?"

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவரில் அட்டவணை. நீலத்தில் இருப்பதையெல்லாம் பச்சையாக்கத் துடித்தவள்தானே நான். அப்பாவின் எட்டு வசனமும் எனக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. முடியவில்லை, அதனால் தொந்தரவு. தாமதமானாலும் காத்திரு, அது வரும் என்று கடவுள் அந்தத் தீர்க்கதரிசிக்குச் சொன்ன பதிலை அப்பா ஐப்பசியில் நாலு நாள் எடுத்து எழுதினார். பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவள் நான். ஒரு வார்த்தை கூட எனக்குள் இறங்கியிருக்கவில்லை. நான் எழுதிய தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன். அழுகை வந்தது. அதுவும் வேகமாகத்தான் வந்தது.

அன்றே, வியாழக்கிழமை, தாள் கட்டை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். தீர்க்கதரிசிகள் பாகத்தில் ஒரு தாள் குறைகிறது என்றேன். எப்போது வரும் என்றார். தெரியாது என்றேன். ஏன் என்றார். கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கிழித்துப் போட்டது வரைக்கும். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அத்தா எந்த இடத்துல நிக்கிறாங்க? காட்டு."

அப்பாவைத்தான் அத்தா என்றார். காட்டினேன். நீல மேகத்தோடு அப்பாவின் கடைசித் தாள். அடுத்தது அம்மாவின் முதல் தாள். பாய் ஈரமில்லாத விரலால் ஓரத்தை மட்டும் தொட்டார்.

"இதுக்கு ஏன்மா அழுவுற? நடுவுல ஒரு வெள்ளைத் தாளை வச்சுத் தைச்சுடுறேன். அவங்க இருக்கும்போது எழுதிக்கட்டும். பைண்டிங்ல கொஞ்சம் தளர்வு விடுறேன், புஸ்தகம் மேசையில தட்டையா விரிஞ்சு கிடக்கும். ஒத்தைக் கையால எழுதுறவங்களுக்கு அதான் வசதி."

ஐயரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "ரெடி ரெடின்னு சொன்னியேம்மா" என்றார். பிறகு, "வெறுந்தாளோட எப்படிப் படைக்கிறது? பண்டிகைக்கு வர்றவங்க முடிக்காம விட்டுட்டாங்கம்பாங்க."

"முடிக்காமதான் ஐயா இருக்கு" என்றேன். "அந்தத் தாளை நான் கள்ளத்தனமா எழுதி, கிழிச்சுட்டேன். அவரவரே எழுதணும்னு மைக்ல சொன்னது நான். யாராவது கேட்டா என்னைக் காட்டுங்க. நான் சொல்லிக்கிறேன்."

"உங்க அப்பா பாடம் வாசிக்கும்போது நடுவுல நிறுத்துவார். அடுத்த வார்த்தை வர்ற வரைக்கும் சபை மூச்சு விடாம இருக்கும்" என்றார் ஐயர். "சரி, நிறுத்தின மாதிரியே இருக்கட்டும்."

பண்டிகை அன்று கோயில் முழுக்கப் புது நெல் வாசனை. தூணுக்குத் தூண் கரும்பு, பீடத்தைச் சுற்றி நெற்கதிர்க் கட்டு, பூசணிக்காய், வாழைத்தார், யாரோ கொண்டுவந்த ஒரு சேவல் தன் பங்குக்கு நடுவில் கூவிக்கொண்டிருந்தது. நாலு பாகமாகத் தைத்த வேதத்தை வாலிபர்கள் தூக்கி வந்து வைத்தார்கள். ஐயர் மூன்றாம் பாகத்தைத் திறந்து, வெள்ளைத் தாளைச் சபைக்குக் காட்டினார். "ஒரு தாள் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. முடிகிறபோது முடியும்" என்று மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பி வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அப்பா சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளைத் தாள் பற்றி அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அதற்கும் சேர்த்துக் கேட்டேன்.

"கிழிச்சிட்டியா அதை?"

"கிழிச்சிட்டேன்பா."

"நடுக்கம் நல்லாத்தான் போட்டிருந்த" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "பேனா எங்க?" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் கோயில் பக்கத்து அறையில் மூன்றாம் பாகத்தை விரித்து வைக்கிறோம். பாய் சொன்னபடியே தட்டையாகக் கிடக்கிறது. அப்பா வாரத்துக்கு ஒரு வசனம், சில வாரம் பாதி வசனம். பார்க்க இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டுப் போவார்கள். ஒரு வாரம் பாடம் வாசிக்கிறவரே வந்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். சுவரில் என் அட்டவணை அப்படியேதான் இருக்கிறது. நம்பிக்கையை நான் கழற்றி வைக்கவில்லை. பச்சைப் பேனா மட்டும் எங்கோ போய்விட்டது, தேடவில்லை.

சித்திரையில் அந்தத் தாளின் பின்பக்கம் வந்துவிட்டார். அந்தத் தீர்க்கதரிசி கடைசியாகச் சொல்வது இதுதான்: அத்தி துளிர்க்காமல் போனாலும், வயல் விளையாமல் போனாலும், தொழுவத்தில் மாடே இல்லாமல் போனாலும் நான் ஆண்டவரில் மகிழ்ந்திருப்பேன். வயல் விளையாமல் போகிற இடம் வந்தபோது அப்பா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அந்த வருஷங்கள் அவருக்குத் தெரியும். ஷட்டரைத் திறந்தும் வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷங்கள்.

அந்த வசனத்தை எழுதி முடித்தபோது ஐயர் அறையைப் பூட்டச் சாவியோடு வந்துவிட்டார். நான், வேறு யார், அவசரமாகப் புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த வாரம் திறந்தால், காயாத மை எதிர்ப்பக்கத்தில் பதிந்திருக்கிறது. அம்மாவின் முதல் பக்கம். அவளுடைய அழகான சின்ன எழுத்துக்கு மேலே அப்பாவின் வயல், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி, வெளிர் நீலத்தில்.

"ஐயோ, அம்மா, உன் பக்கம்" என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். முந்தானையால் துடைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "ஏங்க, இன்னும் எத்தனை?"

"ரெண்டு" என்றார் அப்பா, பேனாவை என் பக்கம் நீட்டி.

நான் மூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இந்த முறை, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.